புத்தகம் எழுதிய தீவு

புத்தகம் எழுதிய மனிதர்கள் உலகில் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் புத்தகம் எழுதிய ஊர் என்று சொல்லத்தக்கது வெகு அபூர்வம். ஐர்லாந்து தேசத்தின் மேற்குக் கோடியில், கெர்ரி ஜில்லாவைச் சேர்ந்த கிரேட் பிளாஸ்கெட் என்னும் சிறு தீவு அத்தகைய ஊர்களில் ஒன்று. தீவின் நீளம் ஏறக்குறைய 6 கிலோமீட்டர்; அகலம் சுமார் 1 கிலோமீட்டர். மரம் என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. கடையோ, மாதா கோயிலோ, வைத்தியசாலையோ அங்கே இருந்ததில்லை. ஜனங்கள் மிக அதிகமாக இருந்த காலத்திலும் அவர்கள் தொகை 200ஐ எட்டவில்லை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து மூன்று பேர் அழியாத நூல்களைத் தந்தார்கள் என்றால் யாருக்குத்தான் போய்ப் பார்க்க ஆசை எழாது?

கார்க் நகரில் படித்துக்கொண்டிருந்த நாங்கள் நாலு பேர், ஜூன் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு விடுமுறையை இதற்கென்று ஒதுக்கினோம். எங்களில் ஒருவர் கெர்ரிக்காரர். ஐரிஷ் பாஷை அவருக்கு வீட்டுப் பேச்சு. இன்னொருத்தி டப்ளின் நகரத்துப் பெண். பெக் ஸேயர்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் அவள், "என் தாயாரைப் பள்ளிக்கூடத்தில் அழவைத்த கிழவி அல்லவா!" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் உண்டு. அந்த அம்மையாரின் சுயசரிதை பல வருஷ காலம் ஐர்லாந்துப் பள்ளிகளில் பரீட்சைப் பாடமாக இருந்தது. பாடப் புத்தகம் ஆகிவிட்டால் அமிர்தமும் கசக்கும் போலும்!

டிரலீ வரையில் ரயில். பிறகு டிங்கிள் வழியாக டன்க்வின் என்னும் கடலோரக் கிராமம். அங்கே செங்குத்தான பாறைச் சரிவில் பாம்பு போல் வளைந்து இறங்கும் பாதையில் படகுத் துறைக்குப் போக வேண்டும். தீவு எதிரிலேயே தெரிகிறது. இடையிலுள்ள கடல் சுமார் 2 கிலோமீட்டர்தான். ஆனால் அது அட்லாண்டிக் மகா சமுத்திரத்தின் ஒரு துண்டு. அது மனம் வைத்தால்தான் படகு போகும். தீவின் அருகே பெரிய படகு நின்றுவிட, சிறு ரப்பர்ப் படகில் எங்களைத் துறையில் இறக்கினார்கள்.

கரையேறியதும் கண்ணில் படுவது கூரையிழந்த கற்சுவர்கள். காற்றுக்கு அஞ்சி மலைச்சரிவைக் குடைந்தாற்போல் கட்டிய வீடுகள் அவை. புல் முளைத்த அடுப்பங்கரைகளில் ஆடுகள் சாவதானமாக மேய்கின்றன. சில வீடுகளை மட்டும் செப்பனிட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று தோமாஸ் ஓ க்ரோஹனுடையது.

தோமாஸ் மீன் பிடித்தும், மலையிலிருந்து எரிகரியாகும் மண்கட்டியை வெட்டியும் பிழைத்தவர். தீவுப் பள்ளிக்கூடத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது இங்கிலீஷ் ஒன்றே. தாய்மொழியை எழுதவும் படிக்கவும் அவர் நடு வயதில்தான் கற்றார். 1917ஆம் வருஷம் தீவுக்கு வந்த பிரையன் கெல்லி என்பவர் மக்ஸீம் கார்க்கி முதலியவர்களின் எழுத்தைப் படித்துக் காட்டி, "உங்கள் ஊர்க் கதையையும் எழுதலாமே!" என்று தூண்டினார். அதன் பலனாக 1929ல் 'தீவுவாசி' வெளிவந்தது. 1933ல் மொரிஸ் ஓ ஸலிவன் என்ற வாலிபர் தம் இளமைக் கதையை வெளியிட்டார். ஐரிஷில் எழுதத் தெரியாத பெக் ஸேயர்ஸ் வாயால் சொல்ல, மகன் எழுதிய நூல் 1936ல் வந்தது.

இவ்வளவு புகழ் வந்தும் ஊர் ஏன் காலியாயிற்று? கெர்ரி நண்பர் ஒரு விஷயத்தைச் சொன்னார். தீவுக்காரர்களின் படகு மரச் சட்டத்தின் மேல் தார் பூசிய துணியால் ஆனது. அதைத் தூக்கவும் துடுப்புப் போடவும் மூன்று நான்கு திடகாத்திரமான ஆடவர் வேண்டும். வாலிபர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். மிஞ்சிய கிழவர்கள் படகை எப்படிச் செலுத்துவது? 1946-47 குளிர்காலத்தில் ஓர் இளைஞர் மூளைச் சவ்வு ஜுரத்தில் விழுந்தார். புயலைக் கடந்து வைத்தியரும் வர முடியவில்லை, பாதிரியாரும் வர முடியவில்லை. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியத் தெரிய அவர் உயிர் பிரிந்தது. 1947ல் உணவின்றித் தவித்த தீவினர் பிரதம மந்திரி டி வலேராவுக்குத் தந்தி அடித்தார்கள். அவ்வருஷமே அவர் நேரில் வந்து குறை கேட்டார். கடைசியில் 1953 நவம்பரில், எஞ்சியிருந்த 22 பேரை எதிர்க்கரைக்குச் சர்க்கார் குடியேற்றியது.

அன்றிரவு ஒரு குடிசையில் தங்கினோம். மின்சாரம் இல்லை, மெழுகுவர்த்திதான். வெள்ளை மணற்கரையில் நூற்றுக்கணக்கான கடல்நாய்கள் விடிய விடிய முகாரி பாடிக்கொண்டிருந்தன. கெர்ரி நண்பர் 'தீவுவாசி'யிலிருந்து சில பக்கங்களை உரக்கப் படித்தார். டப்ளின் பெண் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "பதினாலு வருஷம் இந்தப் பாஷையைப் படித்தேன். பாதிதான் புரிகிறது" என்றாள்.

இது அவள் ஒருத்தியின் கதையல்ல. 2022ஆம் வருஷத்து ஜனக் கணக்கில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் சுமார் 18 லட்சத்து 74 ஆயிரம் பேர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினந்தோறும் பேசுகிறோம் என்றவர்களோ சுமார் 72 ஆயிரம் பேர்தான். பரீட்சைக்குப் படிக்கிற பாஷைக்கும், படகு தள்ளும்போதும் கோபம் வரும்போதும் குழந்தையைத் தூங்க வைக்கும்போதும் பேசுகிற பாஷைக்கும் உள்ள தூரம் அவ்வளவு! பிளாஸ்கெட்டின் புத்தகங்கள் ஐரிஷ் பாஷைக்கு அழியாப் புகழ் தந்தன. ஆனால் அந்தப் பாஷையைப் பேசும் ஊர் நிலைப்பதற்கு வைத்தியரும், நல்ல துறைமுகமும், வாலிபருக்குப் பிழைப்பும் வேண்டியிருந்தன. அவை கிடைக்கவில்லை. நூல்களைக் காப்பாற்றினால் பாஷையைக் காப்பாற்றியதாகிவிடும் என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கற்சுவர்களின் நடுவே ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் படகு வந்தது. டப்ளின் பெண் தயங்கித் தயங்கி, படகோட்டியிடம் ஐரிஷில், "இன்று கடல் எப்படியிருக்கிறது?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை, இங்கிலீஷுக்கு மாறவும் இல்லை. அவளுக்குப் புரியும்படி, ஒவ்வொரு சொல்லாக நிதானமாகப் பதில் சொன்னார். கரை சேரும் வரையில் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.