இயந்திரமும் கியரும்

திருவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் நோக்கிச் செல்லும் கொல்லம் நெடுஞ்சாலையில், வன்னியம்பட்டி விலக்கை நெருங்குகையில், பாரம் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னே ஊர்ந்துகொண்டிருக்க, எதிர்ப்புறம் காலியாகக் கிடைத்த சிறிது தூரத்துக்குள் அதைக் கடந்துவிடலாம் என்று ஓட்டுகிறவர் தீர்மானிக்கிறாரே, அந்தக் கணத்தில்தான் ஒரு சின்னக் காரின் குணம் பிரத்தியட்சமாகிறது. இயந்திரத்தின் குதிரைசக்தியை மட்டும் விசாரித்துவிட்டுக் கியரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேளாமல் கார் வாங்குவது, ஒற்றைக் காளையைப் பார்த்து ஜோடிக்கு விலை பேசுவது போன்றது என்பது என் திடமான அபிப்பிராயம்.

2005-ல் வந்த முதல் மாருதி ஸ்விஃப்டில் 1.3 லிட்டர் பெட்ரோல் இயந்திரம் இருந்தது. நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, சக்தியோ 87 குதிரைதான். அதன் வேகமெல்லாம் மேல் சுற்றுகளில் ஒளிந்திருந்தமையால், நான்காவதிலிருந்து மூன்றாவதற்கு இறக்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் அது வெளிப்படும். அப்படி வெளிப்படுத்துவதில் ஓட்டுகிறவரின் கைக்கும் காலுக்கும் பங்கு இருந்ததே அந்தக் காரின் இன்பம். 2024-ல் வந்த ஸ்விஃப்டில் மூன்று சிலிண்டர். சக்தி சுமார் 82-ஆகக் குறைந்து, மைலேஜ் கூடியிருக்கிறது. அதையும் கையால் கியர் மாற்றி ஓட்டினால் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தானாகக் கியர் மாற்றும் ஏ.எம்.டி. வேறு விஷயம். சாதாரணக் கியர்ப்பெட்டியின் கிளட்சை நமக்குப் பதிலாக ஒரு கருவி மிதிக்கிறது, அவ்வளவுதான். அது கிளட்சை விலக்கி, கியரை இறக்கி, மறுபடியும் சேர்ப்பதற்குள் கார் இழுவையற்று ஒரு கணம் தயங்குகிறது. கடைத்தெரு நெரிசலில் இடது காலுக்கு ஓய்வு தரும் அதே சாதனம், டிராக்டரின் பக்கவாட்டில் பாதி தூரம் போய்விட்ட நிலையில் நெஞ்சைப் பதறவைக்கிறது.

சக்தி சிறிதானாலும் கியரோடு பொருத்தம் சரியாயிருந்தால் போதும் என்பதற்குக் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் சாட்சி: மாருதி 800-ன் 796 சி.சி. இயந்திரத்தை வைத்தே அவர் ஃபார்முலா மாருதிப் பந்தயக் கார்களை உருவாக்கினார்.

பந்தயத் தளமும் ஹூண்டாய் தொழிற்சாலையும் அடுத்தடுத்து அமைந்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 2021-ல் வெளிவந்த ஐ20 என் லைன், வேறொரு வழியைக் காட்டிற்று. வெளியேறும் புகையின் விசையாலேயே சுழன்று காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் டர்போவின் உதவியால், 998 சி.சி. இயந்திரம் 120 குதிரைசக்தி தருகிறது. அதிலும் மேலாக, 1,500 சுற்றிலேயே முழு முறுக்குவிசையும் கிடைத்துவிடுகிறது. இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டியில் ஒரு கியர் ஓடும்போதே அடுத்தது ஆயத்தமாக நிற்பதால் தயக்கம் அநேகமாக இல்லை. கிளட்ச் மிதியே இல்லாமல் கையால் மட்டும் கியர் மாற்றும் ஐ.எம்.டி. என்ற ஏற்பாட்டையும் அதில் வைத்திருந்தார்கள். 2023-ல் அதை நீக்கிவிட்டு, மூன்று மிதிகளுடன் ஆறு கியர் கொண்ட பெட்டியைக் கொடுத்தது கண்டு நான் மெய்யாகவே மகிழ்ந்தேன். தினமும் பஜாருக்குள் நுழைந்து மீள வேண்டியவர்கள் இரட்டைக் கிளட்சை எடுத்துக்கொள்ளட்டும். செங்கோட்டை தாண்டிப் புளியரை வளைவுகளில் ஏறி, ஆரியங்காவு போய், திரும்பும்போது பிரேக்கைச் சுட வைக்காமல் இரண்டாவது கியரிலேயே காரைப் பிடித்து இறக்க விரும்புகிறவருக்கு, டர்போவோடு அந்த ஆறு கியரைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.