ரெண்டர் ஆக மூணு மணி நேரமா? மருந்துக்கு முன்னாடி டயக்னோசிஸ்



ஐந்து நிமிட வீடியோ ஒன்று எடுக்கிறீர்கள். வெட்டி, ஒட்டி, எழுத்து போட்டு, எல்லாம் முடிச்சு எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தினால் "மீதி நேரம் 3 மணி" என்று காட்டுகிறது. உங்களுக்கும் இப்படி நடக்கிறதென்றால் இந்த இழை உங்களுக்குத்தான்.

"டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு நோயாளியிடம் பேச எனக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அங்கே சொல்லி முடிக்க முடியாததை வீடியோவாகச் சொல்கிறேன். டியூட்டி முடிஞ்சு வந்து ஃபோனில் எடுத்து, ராத்திரி லேப்டாப்பில் எடிட் பண்ணுவேன். காலையில் மறுபடி ஓ.பி. ஆக, ரெண்டருக்குப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் என் தூக்கத்திலிருந்து போகிறது.

தூக்கம் மட்டும் இல்லை. மழை ஆரம்பித்ததும் டெங்கு வரும். "காய்ச்சல் விட்டுடுச்சு, இனி பயமில்லை" என்று வீட்டில் நிம்மதியாகும் நேரம்தான் டெங்குவில் அதிகம் கவனிக்க வேண்டிய நேரம். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை சோர்ந்து போவது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வரணும். இதைச் சொல்லும் வீடியோ இன்று இரவே போகணும். நாளை மறுநாள் போனால் சிலருக்கு அது தாமதம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ரெண்டர் என்றால் என்ன? வீடியோ என்பது வரிசையாக ஓடும் போட்டோக்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 5 நிமிடத்துக்கு 9,000 போட்டோ. ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் பிரித்து, நீங்கள் சொன்ன நிறம், எழுத்து, எஃபெக்ட் எல்லாம் சேர்த்து, மறுபடி சுருக்கி எழுதணும்.

ஒரு போட்டோவுக்கு 0.2 நொடி ஆனால் மொத்தம் 30 நிமிடம். அதே 0.8 நொடி ஆனால் 2 மணி நேரம். ஒரு போட்டோவில் மிச்சமாகும் அரை நொடி கூட, கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல்!

இப்போ சைஸைப் பாருங்க. ஃபுல் எச்.டி. என்பது 1920 × 1080, சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே என்பது 3840 × 2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள். சரியாக 4 மடங்கு. அதோடு 30 ஃபிரேமுக்குப் பதில் 60 ஃபிரேம் வைத்தால் 8 மடங்கு வேலை.

அடுத்து, எடிட் பண்ணும்போதே ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது? இதை எங்க கேஸ் ஷீட்டை வைத்துச் சொல்கிறேன்.

நோயாளி அட்மிட் ஆன முதல் நாள் முழு விவரமும் எழுதுவோம். மறுநாளிலிருந்து மாற்றம் இல்லை என்றால் "சி.எஸ்.டி." என்று மூணு எழுத்துதான். நேற்றைய சிகிச்சையே தொடரட்டும் என்று அர்த்தம். இடம் மிச்சம். ஆனால் ஏழாம் நாள் புதுசா ஒரு டாக்டர் வந்து என்ன மருந்து போகுது என்று பார்த்தால், முதல் பக்கம் வரை புரட்டணும்.

ஃபோன் எடுக்கும் எச்.264, எச்.265 வீடியோவும் அப்படித்தான். எப்போதாவது ஒரு முழுப் படம், நடுவில் எல்லாம் "முன்னாடி இருந்ததிலிருந்து என்ன மாறியது" என்ற குறிப்பு மட்டும். பார்ப்பதற்கு அது போதும். எடிட்டில் நீங்கள் எங்கேயோ நடுவில் கிளிக் செய்தால், கம்ப்யூட்டர் பின்னாடி இருக்கும் முழுப் படத்தைத் தேடிப்போய் அங்கிருந்து கணக்குப் போட்டு வரணும். எச்.265-இல் சுருக்கம் அதிகம், அதனால் இந்தக் கணக்கும் அதிகம்.

இதற்கு மருந்து பிராக்ஸி. ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன சைஸில் ஒரு நகல் எடுத்து, அதை வைத்து எடிட் பண்ணுவது. இலவசமாகக் கிடைக்கும் ஷாட்கட், கேடென்லைவ், டாவின்ச்சி ரிசால்வ் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. கடைசியில் எக்ஸ்போர்ட் ஆகும்போது ஒரிஜினலே போகும், தரம் குறையாது.

ஆனால் இங்கே பலர் ஏமாந்து போவார்கள். பிராக்ஸி எடிட்டிங்கைத்தான் வேகமாக்கும். எக்ஸ்போர்ட் நேரத்தை அது குறைக்காது. இரண்டும் வேற வேற வியாதி.

பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் சகோதரி. கர்ப்பிணித் தாய்மாருக்காக வீடியோ போடுகிறார். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சேர்த்துப் போடக்கூடாது, மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், இந்த மாதிரி எளிமையான விஷயங்கள்.

ஒரு நாள் ஃபோன் பண்ணினார். "சார், 6 நிமிஷ வீடியோக்கு 3 மணி நேரம் ஆகுது. கடையில கேட்டா புது லேப்டாப்தான் வழி, 70,000 ஆகும்னு சொல்றாங்க. நகையை வச்சு வாங்கிடலாமா?"

"சிஸ்டர், ஒரு நாள் பொறுங்க. லேப்டாப்பை எடுத்துட்டு வாங்க" என்றேன்.

ஐந்து வருஷம் பழசு. 8 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. இருக்கு. மோசமான மெஷின் இல்லை.

முதலில் டெஸ்ட். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பக்கத்தை வைத்துக்கொண்டே எக்ஸ்போர்ட் ஓட விடுங்கள். எது 100-ஐத் தொடுகிறது என்று பாருங்கள்.

சி.பி.யூ. 100, ஜி.பி.யூ. சும்மா இருக்கு என்றால், எல்லா வேலையும் ஒரே ஆள் தலையில் விழுந்திருக்கிறது.
மெமரி நிரம்பி வழிந்தால் ராம் போதவில்லை. முதலில் பிரவுசரை மூடுங்க.
டிஸ்க் மட்டும் 100, மற்றதெல்லாம் குறைவு என்றால் ஹார்டு டிஸ்க்தான் தடை. ஃபைல்களை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள்.
வேகமாக ஆரம்பித்துப் போகப் போக மந்தமானால் சூடு. மெத்தை மேல் வைத்தால் அடியில் காற்று போகும் வழி அடைபடும். சூடு ஏறினால் சி.பி.யூ. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அடுத்து, முழு வீடியோவையும் ஓட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். 30 நொடித் துண்டு போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலு மருந்தை ஒன்றாகக் கொடுத்தால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?

சகோதரியின் 30 நொடித் துண்டுக்கு ஆன நேரம் 15 நிமிடம்.

டைம்லைனைப் பார்த்தேன். 4கே, 60 ஃபிரேம். ஃபோன் அப்படி செட் ஆகி வந்திருக்கிறது, எடிட்டரும் அதையே எடுத்துக்கொண்டது. 1080, 30 ஃபிரேம் என்று மாற்றினோம். 4 நிமிடம் ஆனது.

வீடியோவில் வரும் புள்ளி இரைச்சலை நீக்கும் ஃபில்டர் முழு டைம்லைன் மேலும் போட்டிருந்தது. இருட்டில் எடுத்தது ஒரே ஒரு கிளிப்தான். அதற்கு மட்டும் வைத்துவிட்டு மற்றதில் எடுத்தோம். 2 நிமிடம். இரைச்சல் நீக்குவது, ஆட்டத்தைச் சரிசெய்வது, இந்த இரண்டும் ஒவ்வொரு ஃபிரேமையும் அக்கம்பக்கத்து ஃபிரேமோடு ஒப்பிடும். அதனால்தான் இவ்வளவு நேரம் தின்னும்.

கடைசியாக, எக்ஸ்போர்ட் பக்கத்தில் ஹார்டுவேர் என்கோடர் என்ற டிக். வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனிப் பகுதி பெரும்பாலான லேப்டாப்களில் இருக்கிறது. இன்டெல் 2011-லிருந்தே குவிக் சிங்க் என்ற பெயரில் தருகிறது. என்விடியாவில் என்வென்க். சகோதரியின் மெஷினில் அது இத்தனை வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தது. டிக் போட்டோம். 50 நொடி.

முழு 6 நிமிட வீடியோ 10 நிமிடத்தில் முடிந்தது. செலவு பூஜ்யம். நகை பீரோவிலேயே இருக்கு.

இதில் ஒரு பக்க விளைவும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். அதே ஃபைல் சைஸில் ஹார்டுவேர் என்கோடரின் தரம், நிதானமாகச் செய்யும் சாஃப்ட்வேர் என்கோடரை விடக் கொஞ்சம் குறையலாம். பிட்ரேட்டைச் சற்றுக் கூட்டினால் சரியாகிவிடும். 1080, 30 ஃபிரேமுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 8 எம்.பி.பி.எஸ். நான் 10 வைக்கிறேன். 40, 50 என்று வைத்தால் ஃபைல்தான் வீங்கும்.

"4கே இல்லாம கிளாரிட்டி போயிடாதா சார்?" என்று சகோதரியும் கேட்டார். யார் பார்க்கப் போகிறார்கள் என்று யோசிங்க. ஆறு அங்குல ஃபோனில், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் டேட்டா என்று எண்ணிச் செலவழிக்கும் ஒரு அம்மா. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது இன்னொரு முறை சுருக்கிவிடும். அவருக்குத் தேவை தெளிவான குரல், படிக்க முடிகிற எழுத்து. சினிமாவோ கல்யாணமோ எடுப்பவருக்கு 4கே தேவைப்படலாம். நமக்கு வேண்டாம்.

அப்போ புது மெஷின் தேவையே இல்லையா? சில நேரம் தேவைதான். ராம் 4 ஜி.பி. என்றால் கூட்டுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் எஸ்.எஸ்.டி. போடுங்கள். இரண்டும் புது லேப்டாப் விலையில் சிறு பகுதிதான். இதெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் அப்புறம் வாங்கலாம். எடுத்த எடுப்பில் ஆபரேஷன் வேண்டாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது: ஃபோன் கேமராவில் 1080, 30 ஃபிரேம் என்று மாற்றி வையுங்கள். டைம்லைனும் அதே அளவு. சார்ஜரைச் சொருகி, லேப்டாப்பை மேஜை மேல் வையுங்கள். கனமான ஃபில்டர் தேவையான கிளிப்புக்கு மட்டும். ஹார்டுவேர் என்கோடர் டிக். அதன் பிறகு 30 நொடி டெஸ்ட்.

உங்க ஊரில் விவசாயம் சொல்லித் தரும் தம்பி இருப்பார், பாடம் நடத்தும் டீச்சர் இருப்பார். சொல்ல நல்ல விஷயம் இருந்தும் "லேப்டாப் இழுக்குது" என்று வீடியோ போடுவதையே நிறுத்தியவர்கள் எனக்குத் தெரியும். அவர்களுக்கு இதை அனுப்புங்க. கடன் வாங்கும் முன் ஒரு முறை டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கட்டும்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள். என்ன மெஷின், என்ன மென்பொருள், டாஸ்க் மேனேஜரில் எது 100 என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் நான் மருந்து எழுதுவதில்லை.