வீட்டில் என்ன படம் பார்ப்பது?

உபாத்தியாயர் உத்தியோகத்தில் இருப்பவர்களிடம் ஊரார் கேட்கும் கேள்விகள் இன்னின்னவை என்று ஒரு வரம்பு உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பையனை எந்தப் பிரிவில் சேர்க்கலாம், பெண்ணை எந்தக் கல்லூரிக்கு அனுப்பலாம், கையெழுத்துத் திருந்துவதற்கு என்ன வழி என்பவைதான் நெடுங்காலமாக நம்மிடம் வந்துகொண்டிருந்தவை. சமீப வருஷங்களில் இந்த ஜாபிதாவில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "ஸார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். புதிதாக வந்தவற்றில் பார்க்கும்படியாக ஒரு படம் சொல்லுங்களேன்" என்கிறார்கள்.

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் தயங்காமல் விடை சொல்லும் நாம், இதற்கு மட்டும் சற்று யோசிக்கிறோம். கேட்பவரை நமக்குத் தெரியும். அவருக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறவர்கள் யார் யார் என்பது தெரியாதல்லவா? கொட்டகையில் பார்ப்பதற்குச் சிபார்சு செய்வது வேறு. வீட்டுக் கூடத்துக்குச் சிபார்சு செய்வது வேறு. கொட்டகையில் படம் பிடிக்காவிட்டால் டிக்கெட்டுக் காசோடு போயிற்று. வீட்டிலோ, பாதிப் படத்தில் பாட்டியம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனால், சிபார்சு செய்தவருடைய மானமும் கூடவே எழுந்து போய்விடுகிறது.

நமது பிள்ளைப் பிராயத்தில் இந்தச் சங்கடம் கிடையாது. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975-ம் வருஷம் ஏற்பட்டது. நாம் விவரம் தெரிந்து டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு தமிழ்ப் படம் போடுவார்கள். எந்தப் படம் வேண்டும் என்று நம்மை யாரும் கேட்டதில்லை. தெருவில் பெட்டி இருந்த வீட்டில் தெருவே கூடியிருக்கும். ஞாயிறு மத்தியானத்தில் வங்காளம், மலையாளம், கன்னடம் என்று விருது பெற்ற பிற மொழிப் படங்கள், அடியில் ஆங்கில எழுத்துக்களுடன் வரும். பெரியவர்கள் பாயை விரித்துத் தூங்கிவிடுவார்கள். வேறு போக்கில்லாமல் நாம் பார்த்துக்கொண்டிருப்போம். நாமாக ஒருபோதும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டாத படங்கள் அவை. நாம் அறியாத ஊர்களிலும் மனிதர்கள் நம்மைப் போலவே கடன்படுகிறார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு அழுகிறார்கள் என்பதை அந்த மத்தியானங்களில்தான் தெரிந்துகொண்டோம்.

பிறகு தனியார் டெலிவிஷன்கள் வந்தன. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் காரணமாகக் கொட்டகைகள் கதவடைத்தன. அவ்வருஷம் மே 29-ந் தேதி 'பொன்மகள் வந்தாள்' என்னும் படம் கொட்டகை வாசலை மிதிக்காமல் நேரே வீடுகளுக்கு வந்தது. நவம்பர் 12-ந் தேதி 'சூரரைப் போற்று' வந்தது. கொட்டகைகள் மறுபடி திறந்தும் பழக்கம் போகவில்லை. இப்போதெல்லாம் ஒரு படம் கொட்டகையில் சில வாரங்கள் ஓடியதும், ஓ.டி.டி. மார்க்கமாக வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. சந்தா கட்டிய வீட்டில் ஆயிரக்கணக்கான படங்கள் அடுக்கி வைத்தாற்போல் காத்திருக்கின்றன.

இத்தனை இருந்தும், "என்ன பார்ப்பது?" என்ற கேள்வி ஏன் எழுகிறது? இத்தனை இருப்பதனால்தான் எழுகிறது. எந்தப் படம் என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போகிறது. தட்டில் போட்ட தோசை ஆறிப்போகிறது. கடைசியில் ஆளுக்கொரு ஸெல்போனை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கம்பெனிகளின் இயந்திரமே சிபார்சு செய்கிறதே என்று வாசகர்கள் கேட்கலாம். செய்கிறது, உண்மைதான். நீங்கள் எதைப் பார்த்தீர்கள், எதைப் பாதியில் நிறுத்தினீர்கள் என்றெல்லாம் அது கணக்கு வைத்துக்கொள்கிறது. ஒரு கொலைக் கதையைக் கடைசிவரை பார்த்துவிட்டால் மறுநாள் பத்துக் கொலைக் கதைகளை எடுத்து முன்னால் வைக்கிறது. நேற்றுக் கத்திரிக்காய் வாங்கினவருக்கு இன்றும் கத்திரிக்காயையே நிறுத்துப் போடுகிற கடைக்காரரைப் போன்றது அது. வியாபாரத்துக்கு அது போதும். ஆனால் அந்த ஞாயிறு மத்தியானங்கள் நமக்குச் செய்த உபகாரத்தை அதனால் செய்ய முடியாது. நாம் எப்படி இருந்தோம் என்பது அதற்குத் தெரியும். எப்படி ஆகக்கூடும் என்பது, நம்மை அறிந்த மனிதருக்குத்தான் தெரியும்.

ஆகையால், நம்மிடம் வருகிறவர்களை நாம் முதலில் மூன்று கேள்விகள் கேட்கிறோம். யார் யார் உட்காரப் போகிறீர்கள்? அவர்களில் மிக மூத்தவருக்கும் மிக இளையவருக்கும் என்ன வயது? படம் முடிந்த பிறகு பேசிக்கொண்டிருக்க நேரம் உண்டா? விடையைப் பொறுத்து மருந்து மாறும்.

வயதானவர்கள் உள்ள வீடானால், மணிகண்டன் இயக்கி 2022-ல் வெளிவந்த 'கடைசி விவசாயி'யைச் சொல்கிறோம். கதாநாயகராக நடித்த நல்லாண்டி நடிகரல்லர். எண்பதைக் கடந்த கிராமத்துப் பெரியவர். படம் வெளியாகும் முன்பே காலமாகிவிட்டார். அப்படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றபோது, அவருக்கும் சிறப்புப் பாராட்டு அளித்தார்கள். குலதெய்வத் திருவிழாவுக்கு உள்ளூர் மண்ணில் விளைந்த நெல் வேண்டும். விவசாயத்தை விடாமல் இருப்பவரோ இவர் ஒருவர்தான். நாற்று நட்டிருக்கும் வேளையில், செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்தவரை, அவற்றைக் கொன்றதாகக் குற்றம் சாட்டிக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்துவிடுகிறார்கள்.

நமது தாயாருக்கு வயது எழுபத்து நான்கு. மாலை நேரத் தொடர்களோடு தனியே காலம் கழித்து வந்தவர். இந்தப் படத்தை நம்மோடு உட்கார்ந்து பார்த்தபோது, பெரியவரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அது சரி, அந்தப் பயிருக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவார்கள்?" என்று மட்டும் நாலைந்து தடவை கேட்டார். படத்தில் வரும் மாஜிஸ்டிரேட் அம்மாளுக்கும் அதே கவலை வந்து, ஒரு போலீஸ்காரரையே தண்ணீர் பாய்ச்ச அனுப்புகிறார். நமது தாயார் அப்போதுதான் சாய்ந்து உட்கார்ந்தார்.

படம் முடிந்ததும் தம் தகப்பனாருடைய வயலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எந்த மூலையில் மடை, எந்த வரப்பில் நண்டு என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், "என் கல்யாணத்துக்காகத்தானே அதை விற்றார்!" என்று நிறுத்தினார். நாற்பது வருஷத்துக்கு மேலாக அவருடன் ஒரே வீட்டில் இருக்கிறோம். இந்தச் செய்தி நமக்குத் தெரியாது. நமது பாட்டனார் ஏன் அந்தக் கிராமத்துப் பக்கமே போகாமல் இருந்தார் என்பது அன்றைக்குத்தான் விளங்கிற்று.

சிறு பிள்ளைகளும், வேலைக்குப் போகும் தாய் தகப்பனும் உள்ள வீட்டுக்கு ராம் இயக்கிய 'பறந்து போ' (2025). பூட்டிய வீட்டுக்குள் தனியே கிடக்கும் எட்டு வயதுப் பையன் ஒருவன், தவணைக் கடனில் அகப்பட்ட தகப்பனை மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகும் கதை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பெற்றோர் இடையிடையே சிரிப்பை நிறுத்திக்கொள்கிறார்கள். அண்டை வீட்டாருடன் பேச்சு வார்த்தை அற்றுப்போன குடும்பத்துக்கு, அபிஷன் ஜீவிந்தின் முதல் படமான 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025). பஞ்சம் பிழைக்க இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்து, சென்னையில் ஒரு குடியிருப்பில் ஒளிந்து வாழும் குடும்பம் அந்தத் தெருவையே மாற்றிவிடுகிறது. உறவினர் பெயர்கள் மறந்துபோகும் அளவுக்கு ஊரை விட்டு நெடுநாளானவர்களுக்குப் பிரேம்குமாரின் 'மெய்யழகன்' (2024). நீளம் அதிகம் என்று கொட்டகைக்கு வந்த பிறகு சுமார் 18 நிமிஷங்களைக் குறைத்தார்கள். வீட்டில் அந்தக் கஷ்டம் இல்லை; நடுவில் நிறுத்திவிட்டுக் காப்பி போடலாம்.

வயது வந்த பெண் இருக்கும் வீட்டாருக்கு வினோத்ராஜ் இயக்கிய 'கொட்டுக்காளி'யை (2024) யோசித்துத்தான் சொல்கிறோம். இவருடைய முதல் படமான 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்றது. 'கொட்டுக்காளி'யில் பின்னணிச் சங்கீதமே கிடையாது. வேறு ஜாதிப் பையனிடம் மனம் வைத்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறதென்று, உறவினர் கூடி ஓர் ஆட்டோவில் சாமியாடியிடம் அழைத்துப் போகிறார்கள். அந்தப் பெண் அநேகமாக வாய் திறப்பதே இல்லை.

நமது சிநேகிதர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் கோபத்துடன் வந்தார். "என்ன ஸார், முடிவே இல்லையே? நடுவில் அறுத்துவிட்டானே!" என்றார்.

"உங்களுக்கு என்ன முடிவு வேண்டும்?" என்று கேட்டோம்.

"என் பெண்ணும் அதையேதான் கேட்டாள். ராத்திரி ஒரு மணி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள்" என்றார். கோபம் தணிந்திருந்தது, முகத்தில் யோசனை இருந்தது. அவர் வீட்டில் ஒரு வருஷமாகப் பேசாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று அன்று பேச்சுக்கு வந்துவிட்டது என்பது பிற்பாடு தெரிந்தது. என்ன பேசினார்கள் என்பது அவர்கள் காரியம். பேசினார்கள் என்பதே நமக்குப் போதும்.

தொடர் கதைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். புஷ்கரும் காயத்ரியும் ஆக்கிய 'சுழல்' (2022), மயானக்கொள்ளைத் திருவிழா நடக்கும் ஊரில் காணாமற்போன ஒரு பெண்ணைத் தேடும் கதை. எட்டுப் பகுதிகள். பெரியவர்கள் அவசியம் பார்க்கலாம். ஆனால் குழந்தைகளுக்கு நேரும் கொடுமையைப் பற்றியதாகையால், குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்ப்பதற்கில்லை. கொட்டகைப் படத்துக்குத் தணிக்கை வாரியத்தின் ஸர்டிபிகேட் உண்டு. ஓ.டி.டி.க்கென்றே எடுக்கும் தொடருக்கு அது இல்லை. 2021 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் பிறப்பித்த விதிகளின்படி, வெளியிடும் கம்பெனியே 7 வயது, 13 வயது, 16 வயது என்றும், வயது வந்தோருக்கு மட்டும் என்றும் குறிப்பிட வேண்டும். 13-ம் அதற்கு மேலும் குறித்தவற்றைப் பெற்றோர் பூட்டி வைக்கவும் வசதி செய்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பைப் படியுங்கள், பூட்டையும் உபயோகியுங்கள். மேலும், ஒரு பகுதி முடிந்த சில விநாடிகளில் அடுத்தது தானாகவே ஓட ஆரம்பிக்கும். அந்த ஏற்பாட்டை அமைப்புகளில் போய் நிறுத்தி வைப்பது உத்தமம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கண் செருகும் மாணவர்களைப் பார்ப்பவர்கள் என்ற முறையில் இதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

எந்தப் படம் எந்தக் கம்பெனியிடம் இருக்கிறது என்பதை நாம் குறிப்பிடவில்லை. அது மாறிக்கொண்டே இருக்கும். படத்தின் பெயரைக் கொண்டு தேடிக்கொள்ளலாம்.

நமது வீட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வாரத்துக்கு ஒரு படம், ஒரே திரையில். முறை வைத்துக்கொண்டு ஒருவர் தேர்ந்தெடுப்பார். மற்றவர்கள் மறுக்கக் கூடாது. ஸெல்போன்கள் எல்லாம் சமையலறை அலமாரியில் இருக்க வேண்டும். குமாரனுடைய முறையில் வரும் படத்தில் மோட்டார் வண்டிகள் ஆகாயத்தில் பறக்கின்றன. நமது தாயார் காதைப் பொத்திக்கொண்டு, "இவன் ஏன் இத்தனை பேரை அடிக்கிறான்?" என்று கேட்கிறார். பையன் பொறுமையாக விளக்குகிறான். பாட்டிக்கும் பேரனுக்கும் அந்த வாரத்தில் நடக்கும் மிக நீண்ட சம்பாஷணை பெரும்பாலும் அதுதான். தாயாரின் முறை வரும்போது அவன் பாயில் படுத்துக்கொண்டு பழைய படத்தைப் பார்க்கிறான். தூங்கிவிடுவான் என்று நினைத்தால், தூங்குவதில்லை.

புதிய படம் எது என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நீங்கள் பார்க்காத படம் எதுவானாலும் உங்களுக்குப் புதியதே. அதைத் தேர்ந்தெடுக்க உங்களை அறிந்த ஒருவரைக் கேளுங்கள். பார்த்த பிறகு, பிடித்ததா இல்லையா என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள். நம்மிடம் கோபித்துக்கொண்டு வருகிறவர்களையும் நாம் உட்கார வைத்துக் காப்பி கொடுத்துத்தான் அனுப்புகிறோம்.