சிட்னி விடுமுறை: யாருக்காகப் போகிறோம்?

பாடசாலை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நியூசிலாந்தில் வாழும் நம்மவர் வீடுகளில் சிட்னியின் பெயர் அடிபடத் தொடங்கிவிடும். ஒக்லாந்தில் விமானம் ஏறினால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். அங்கு உறவினர் உண்டு, கோயில்கள் உண்டு, பிள்ளைகள் படங்களிற் பார்த்த பாலமும் உண்டு. ஆகவே, "என்னென்ன பார்க்கலாம்?" என்ற கேள்வியுடன் திட்டம் ஆரம்பமாகிறது. யாருக்காகப் போகிறோம் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. அக்கேள்வி முதலில் எழுமாயின் திட்டம் முழுவதுமே வேறுவிதமாக அமையும் என்பதை ஒக்லாந்துக் குடும்பம் ஒன்றின் அனுபவம் நன்கு காட்டுகிறது. அடுத்த விடுமுறைக்கு ஆயத்தமாகும் அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அது இங்கே தரப்படுகிறது.

கணவன், மனைவி, பதினான்கு வயது மகள், பத்து வயது மகன் என நால்வர் கொண்ட குடும்பம் அது. 2025ஆம் ஆண்டு முற்பகுதியில் கணவரின் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவர்களுடன் தங்கியிருந்தார். வயது எழுபத்தெட்டு. முழங்காலில் வாதம், கைத்தடி இன்றி நெடுந்தூரம் நடக்க இயலாது. அவருடைய ஒரே தங்கை சிட்னியின் மேற்குப் புறத்திலுள்ள வெஸ்ற்மீட் பகுதியில் வசிப்பவர். 1988இல் நாட்டை விட்டுப் புறப்பட்டவர். சகோதரிகள் இருவரும் கடைசியாக ஒருவரையொருவர் நேரிற் கண்டது 2004இல், கொழும்பில் நடந்த ஒரு திருமண வீட்டில். பின்னர் இருபத்தொரு ஆண்டுகளாகத் தொலைபேசிதான்.

யூலை விடுமுறைக்கெனக் குடும்பத் தலைவர் ஆறு நாட் திட்டம் ஒன்றை ஒரு தாளில் எழுதினார். துறைமுகப் பாலம், ஒப்பேரா மாளிகை, ரறொங்கா மிருகக்காட்சிசாலை, பொண்டை கடற்கரை, மான்லி படகுப் பயணம், நீலமலை என ஒவ்வொரு நாளும் காலை முதல் இரவு வரை நிரம்பியிருந்தது. ஆறாம் நாள் மாலையில் "சின்னம்மா வீடு" என்று ஒரு வரி. அதனை வாசித்துக் காட்டியபோது தாயார் கோபிக்கவில்லை.

"தம்பி, பாலத்தையும் மிருகங்களையும் நீ பிள்ளையளுக்குக் காட்டு. எனக்கு என்ரை தங்கச்சியோடை இருந்தால் காணும்," என்றார்.

அத்தாள் அன்றே மடிக்கப்பட்டது. எனினும் அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. நியூசிலாந்துக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அவுஸ்திரேலியாவில் இறங்கும்போதே அனுமதி கிடைத்துவிடும். ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டுடன் இங்கு வந்திருக்கும் பெற்றோருக்கு அது பொருந்தாது. அவர்கள் அவுஸ்திரேலியாவுக்கென வேறாக வருகை விசா பெறல் வேண்டும். எழுபத்தைந்து வயதைக் கடந்தவராயின் மருத்துவப் பரிசோதனையும் கேட்கப்படும். அத்துடன், நியூசிலாந்து விசா ஒரே முறை நுழைவதற்கு மட்டும் உரியதாயின், சிட்னி சென்றவர் திரும்பி உள்ளே வர முடியாது போய்விடும். இவ்விரண்டையும் விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்னரே பார்த்தல் வேண்டும். இக்குடும்பத் தாயாரின் விசா பலமுறை நுழைய இடமளித்தது; அது அவர்களுடைய நற்பேறு.

விண்ணப்பம் அனுப்பியாயிற்று, மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது, பதில் மட்டும் வரவில்லை. யூன் மாதம் கழிந்துகொண்டிருந்தது. விமானக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறியது. இம்முறை நால்வர் மட்டும் சென்று வந்தால் என்ன என்று கணவர் ஒரு நாள் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகள் நெடுநாளாகக் காத்திருக்கிறார்கள் என்பது அவர் நியாயம்.

மனைவி ஒப்பவில்லை. "இஞ்சாருங்கோ, மாமியை விட்டிட்டு நாங்கள் அங்கை போய், சின்னமாமியின்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது? பிள்ளையளுக்கு இன்னும் எத்தினை லீவு வரும். இவை ரெண்டு பேருக்கும் எத்தினை வருமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார்.

பயணம் செப்டெம்பர் விடுமுறைக்குத் தள்ளிப் போடப்பட்டது. மகள் இரண்டு நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. விசா ஓகஸ்ட் நடுப்பகுதியில் வந்து சேர்ந்தது. அதன் பின்னரே பயணச்சீட்டு வாங்கினார்கள். தாயாரின் வாதத்தையும் இரத்த அழுத்தத்தையும் மறைக்காது தெரிவித்துப் பயணக் காப்புறுதியும் செய்தார்கள். முன்பே உள்ள நோயைச் சொல்லாது விட்டால் காப்புறுதி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இனி, இரண்டாவது திட்டம் எவ்வாறு அமைந்தது என்று பார்ப்போம். சிட்னிக்குப் போகும் நம்மவர் அறியவேண்டியது யாதெனில், படங்களிற் காணும் சிட்னி வேறு, நம்மவர் வாழும் சிட்னி வேறு என்பதாகும். பாலமும் ஒப்பேரா மாளிகையும் கிழக்கே துறைமுகத்தை அடுத்துள்ளன. வெஸ்ற்மீட், வென்ற்வேர்த்வில், துங்காபி, பென்டில் ஹில் முதலிய பகுதிகளோ மேற்கே இருபத்தைந்து கிலோமீற்றர் அளவில், அதற்கு அப்பாலும் பரந்துள்ளன. நகர நடுவில் அறை எடுத்தால் உறவினரைக் காண்பது தினமும் ஒரு பயணமாகிவிடும். மேற்கே தங்கினால் துறைமுகத்துக்கு ஓரிரு முறை போய் வந்தாற் போதும். எனவே தாயார் தங்கையின் வீட்டிலும், மற்றைய நால்வரும் அருகே வாடகைக்கு எடுத்த சிறு மனையிலும் தங்குவதென முடிவாயிற்று. எழுபத்து நான்கு வயதுத் தங்கை ஐந்து பேருக்குச் சமைத்துப் பாய் விரிக்கும் சுமை இதனால் தவிர்ந்தது. உறவினர் "இங்கேயே நில்லுங்கோ" என்று சொல்வது அன்பினால். அதற்கு இணங்காதிருப்பதும் சில வேளைகளில் அன்புதான்.

பயணம் செப்டெம்பர் 26 முதல் ஒக்டோபர் 3 வரை. அது நவராத்திரி காலம். மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஓரிடம் மட்டும், அதுவும் காலையில். நடை அதிகமுள்ள இடங்களுக்கு முதியவர்களை அழைப்பதில்லை. சரஸ்வதி பூசை நாளில் எங்கும் போவதில்லை.

சனிக்கிழமை தந்தையும் பிள்ளைகளும் நீலமலைக்குச் சென்றனர். சிட்னி மத்திய நிலையத்திலிருந்து கட்டூம்பா வரை புகையிரதத்தில் இரண்டு மணி நேரம் செல்லும். வார இறுதிகளில் தண்டவாள வேலைக்காகப் புகையிரதத்துக்குப் பதில் பஸ் விடுவதும் உண்டாதலால் முதல் நாளே விசாரித்து வைத்தல் நன்று. "மூன்று சகோதரிகள்" எனப்படும் பாறைகளைப் பிள்ளைகள் அங்கே கண்டார்கள். அவ்வேளையில் வெஸ்ற்மீட்டில் இரண்டு சகோதரிகள் கதவடியில் நாற்காலி போட்டு, 1988க்கு முந்திய ஊர்க்கதைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் காரில் ஹெலன்ஸ்பேர்க் சென்றார்கள். சிட்னிக்குத் தெற்கே காடு சூழ்ந்த குன்றுப் பகுதியில், 1985இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரர் ஆலயம் அங்குள்ளது. வெஸ்ற்மீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும் என்பதால் வேறொன்றையும் அந்நாளில் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை துறைமுகம். இங்கேதான் தங்கையின் மகன் நல்ல யோசனை ஒன்று சொன்னார். வெஸ்ற்மீட்டில் ஏறும் மேற்குப் பாதைப் புகையிரதம், மாறாமல் இறங்காமல் துறைமுகப் பாலத்தின் மேலாகவே வடகரைக்குச் செல்லும். மறுகரையின் முதல் நிலையம் மில்சன்ஸ் பொயின்ற். அங்கிருந்து சிறிது தூரம் மெதுவாக இறங்கினால் படகுத்துறை. படகு பாலத்தின் கீழாகச் சென்று ஒப்பேரா மாளிகைக்கு அருகேயுள்ள சேர்க்குலர் கீயில் சேர்க்கும். பாலத்தை மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தாயிற்று. நடை மிகக் குறைவு. கட்டணமும் நாட்பயணக் கட்டணமே. இதற்கெனத் தனிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. வங்கி அட்டையைத் தொட்டுச் செல்லலாம். ஆனால் ஒரே அட்டையில் இருவர் செல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வேண்டும்.

வண்டி பாலத்தில் ஏறியபோது தாயார் யன்னலோரம் இருந்தார். தங்கை சொன்னார்: "நான் இஞ்சை வந்து முப்பத்தேழு வருசம், அக்கா. இந்தப் பாலத்தாலை போனதை விரல்விட்டு எண்ணலாம். வேலை, பிள்ளையள், பிறகு பேரப்பிள்ளையள்." நகரத்துக்கு விருந்தினராக வந்தவர் காரணமாக, அங்கேயே வாழ்ந்தவரும் அதைக் கண்டார்.

பாலத்தைப் பற்றிப் பேரன் தான் படித்து வைத்ததை ஒப்புவித்தான். வளைவின் நீளம் 503 மீற்றர். உச்சி கடல் மட்டத்திலிருந்து 134 மீற்றர். இரு கரைகளிலிருந்தும் கட்டப்பட்டு வந்த இரண்டு பாதிகளும் 1930 ஓகஸ்டில் நடுவில் இணைந்தன. 1932 மார்ச் 19இல் பாலம் திறக்கப்பட்டது. கட்டும்போது பதினாறு தொழிலாளர் உயிரிழந்தனர். தாயார் கடைசி விபரத்தை மட்டும் மறுபடி கேட்டு, "பதினாறு வீடு" என்றார்.

ஒப்பேரா மாளிகையை அவர்கள் உள்ளே சென்று பார்க்கவில்லை. எதிரே இருக்கையில் அமர்ந்து பார்த்தார்கள். அதன் வரலாறும் திட்டமிடுவோருக்கு நல்ல பாடம். டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜோன் உற்சோனின் வரைபடம் 1957இல் தெரிவு செய்யப்பட்டது. ஏழு மில்லியன் டொலரில் முடியும் என மதிப்பிட்டார்கள். 1973இல் திறக்கப்பட்டபோது 102 மில்லியன் ஆகியிருந்தது. செலவின் பெரும்பகுதி லொத்தர் சீட்டுகள் மூலம் கிடைத்தது. கருத்து வேறுபாட்டால் 1966இல் விலகிச் சென்ற உற்சோன், முடிவடைந்த தம் மாளிகையைக் காண ஒரு முறையேனும் திரும்பி வரவில்லை, 2008இல் காலமானார். வர வேண்டிய இடத்துக்கு வராமலே காலம் கடந்துவிடுவது பெரியோருக்கும் நேர்கிறது.

பாலத்தின் வளைவில் ஏற வேண்டும் என்பது மகளின் நெடுநாள் ஆசை. கட்டணம் குடும்பத்துக்கு மிகுதியாகப் பட்டது. அதற்குப் பதிலாகப் பாலத்தின் தெற்குக் கற்கோபுரத்தில் இருநூறு படி ஏறித் தந்தையும் மகளும் துறைமுகத்தைப் பார்த்து வந்தார்கள். அவளது மனத்தாங்கல் அன்றுடன் தீர்ந்தது. செவ்வாயன்று பிள்ளைகளைத் தாய் ரறொங்காவுக்கு அழைத்துச் சென்றார். படகிலிருந்து இறங்கியதும் பஸ்ஸில் மேல் வாசலுக்குச் சென்று, பார்த்துக்கொண்டே கீழ்நோக்கி இறங்கி வருதல் கால்களுக்கு நன்று.

புதனன்று சரஸ்வதி பூசை. தங்கை வீட்டு வரவேற்பறையில் கொலு இல்லை. படமும் புத்தகங்களும் கும்பமும் மட்டும். இரு சகோதரிகளும் சேர்ந்து அவல் குழைத்தார்கள். வியாழன் விசயதசமியன்று மேஸ் ஹில் முருகன் ஆலயத்துக்குச் சென்றார்கள். சிட்னி சைவ மன்றத்தின் பொறுப்பிலுள்ள அவ்வாலயம் 1999இல் குடமுழுக்குக் கண்டது. வெஸ்ற்மீட்டிலிருந்து காரில் சில நிமிடங்கள்தான். அர்ச்சனைச் சீட்டில் இருவர் பெயரும் ஒன்றாக எழுதப்பட்டன. இளம்பிராயத்தில் நல்லூரில் அவர்களுடைய தகப்பனார் அவ்வாறுதான் எழுதுவிப்பாராம். பேச்சு அத்துடன் நின்றுவிட்டது. இருவரும் நெடுநேரம் வெளிவீதியில் அமர்ந்திருந்தார்கள். வேறெங்கும் போகும்படி எவரும் அவசரப்படுத்தவில்லை. போவதற்கு வேறிடம் திட்டத்திலேயே இல்லை.

திரும்பும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது நேரம். சிட்னி வழக்கமாக நமக்கு இரண்டு மணி பிந்தியது. ஆனால் நியூசிலாந்தில் செப்டெம்பர் கடைசி ஞாயிறும் சிட்னியில் ஒக்டோபர் முதல் ஞாயிறும் மணியை முன் தள்ளுவதால், இடைப்பட்ட வாரத்தில் மூன்று மணி வித்தியாசம். விமான நிலையத்துக்கு வந்து காத்திருப்போருக்கு இதனைச் சொல்லி வைத்தல் வேண்டும். இரண்டாவது பிரசாதம். பூ, வெற்றிலை, பழம், தேங்காய், விதை, தேன், நெய்ப் பலகாரம் எதுவாயினும் ஒக்லாந்தில் அறிவிக்காமற் கொண்டுவந்தால் 400 டொலர் தண்டம். அறிவித்தால் தண்டமில்லை, வேண்டாததை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இக்குடும்பத்தினர் பூவையும் பழத்தையும் தங்கை வீட்டிலேயே வைத்துவிட்டுத் திருநீற்றை அறிவித்துக் கொண்டுவந்தார்கள்.

தாயார் நவம்பரில் ஊர் திரும்பினார். பொண்டையும் மான்லியும் பிள்ளைகளுக்காக அங்கேயே இருக்கின்றன. இன்னும் பல விடுமுறைகளுக்கு இருக்கும். நம்மிடையே பல வீடுகளில் வருகை விசாவில் வந்த பெற்றோர் இருக்கிறார்கள். சிட்னியிலும் மெல்பேணிலும் அவர்களுடைய உடன்பிறப்புகள் இருக்கிறார்கள். விடுமுறைக்குத் திட்டமிடும் அன்பர்கள் முதலில் அவர்களிடம் கேட்கட்டும். விசா விண்ணப்பத்தைச் சில மாதங்கள் முன்னதாகவே அனுப்பட்டும். இடங்களை அதன் பின்னர் எழுதலாம்.