பழைய சாம்பிளரும் காய்ச்சாத தப்பும்

இரத்தினபுரி மாவட்டத்தில், கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் தங்கையின் குடும்பம் வசிக்கிறது. அவளுடைய மூத்த மகன் பகலில் நகரத்துக் கடையொன்றில் வேலை செய்கிறான். இரவில் லயன் அறையின் மூலையில் கணினியையும் கீபோர்டையும் வைத்துக்கொண்டு இசையமைக்கிறான். சென்ற ஆண்டு பழைய சாம்பிளர் ஒன்றை வாங்கிவிட்டு, அது உயிர் பெறாத கவலையில் எனக்குத் தொலைபேசி எடுத்தான். "மாமா, ரேடியோ திருத்துற நல்ல ஆள் ஒருத்தரத் தெரியுமா?" என்றான். பத்திரிகைக்காரனுக்கு ஊரில் எல்லோரையும் தெரியும் என்பது உறவினர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

சாம்பிளர் என்பது வெளியுலகின் ஓர் ஒலியைக் கேட்டு, அதனை இலக்கங்களாக நினைவில் வைத்து, கட்டையை அழுத்தும்போது வேண்டிய சுருதியில் திருப்பித் தரும் பெட்டி. 1979இல் அவுஸ்திரேலியாவின் ஃபெயார்லைட்டும் 1981இல் அமெரிக்காவின் இமியுலேட்டரும் வந்தபோது, வசதி படைத்தவர்களே அவற்றை வாங்க முடிந்தது. மருமகன் வாங்கியது 1988இல் வெளிவந்த அக்காய் எஸ்1000 என்னும் ஜப்பானியக் கருவி. அதன் அடிப்படை நினைவகம் 2 மெகாபைற். முழுத்தரத்தில், ஒற்றைத் தடத்தில் பதிந்தால் 23 விநாடிகள் அளவிலான ஒலியே அடங்கும். "இதையெல்லாம் கணினியிலேயே செய்யலாமே?" என்று கேட்டேன். "இடம் கொஞ்சமா இருந்தாத்தான் மாமா யோசிச்சுப் பதிவோம்" என்றான். அரைப் பத்தியில் செய்தியை அடக்கப் பழகிய எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று.

விற்றவர், "செருகினால் வேலை செய்யும்" என்றாராம். செருகியதுதான் வினையாயிற்று. அது ஜப்பானின் உள்நாட்டுப் பாவனைக்கான பெட்டி, 100 வோல்ட்டுக்குரியது. நம் நாட்டின் 230 வோல்ட் மின்சாரத்தை அது எப்படித் தாங்கும்? இரத்தினபுரி நகரில் நெடுங்காலமாக வானொலி திருத்திவரும் சிங்கள முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். ஊரார் அவரை 'பாஸ்' என்றே அழைப்பர். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவிகளில் மின்னேற்றம் தேங்கி நிற்கும் என்று சொல்லி, முதலில் அதனை வடித்தார். எரிந்த உருகியை மட்டும் மாற்றித் தருமாறு மருமகன் அவசரப்பட்டான். அவர் சிரித்தார். உருகி எரிந்தது நோயன்று, நோயின் அறிகுறி என்றார். மின்வழங்கியில் பழுதான பாகத்தையும் வீங்கிய கொள்ளளவிகளையும் தேடிப் பிடித்து மாற்றினார். மின்வழங்கியைத் தனியே இயக்கி, வோல்ட்டளவு சரிதானென்று அளந்த பின்னரே மற்றப் பாகங்களோடு இணைத்தார். 230 வோல்ட்டை 100 ஆகக் குறைக்கும் மாற்றியொன்றையும் வாங்கச் சொன்னார். திரை மங்கலாக ஒளிர்ந்தது. பிளொப்பி இயக்கி மட்டும் அசையவில்லை. அதற்குப் பதிலாக யூஎஸ்பி நினைவுக்குச்சியை ஏற்கும் மாற்றுக் கருவியொன்றுக்கு மருமகன் சொல்லி வைத்தான்.

அந்த 23 விநாடிகளில் முதலில் எதனைப் பதிவது? தப்பு என்றான் மருமகன். அந்தத் தோட்டத்தில் இப்போது தப்படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒரு முதியவர்தான். 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமும், 1977, 1981 வன்செயல்களும் எங்கள் மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்களைப் பெயர்த்துவிட்டன. ஆயினும் தப்பு ஓய்ந்ததற்கு அவை மட்டும் காரணமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். காமன் கூத்துக்கும் சாவு வீட்டுக்கும் தப்பு வேண்டியிருந்தது. அடித்தவரை மட்டும் வாசலிலேயே நிறுத்தினோம். என் சிறுவயதில் அந்த மனிதருக்கு எங்கள் வீட்டில் தேநீர் தனிக் குவளையில்தான் கொடுக்கப்பட்டது. அக்குவளையைக் கொண்டுபோய்க் கொடுத்த சிறுவன் நான். அவருடைய பிள்ளைகள் தப்பைத் தொட மறுத்ததில் வியப்பென்ன?

அவர் வந்த நாளில் நல்ல மழை. மழை கொட்டும் மாவட்டமல்லவா! பழக்கத்தினால் வாசலிலேயே நின்றவரை, "உள்ள வாங்க தாத்தா" என்று மருமகன் கைபிடித்து அழைத்து வந்தான். ஈரத்தில் தோல் தளர்ந்திருந்தது. காய்ச்ச வேண்டுமென்று அவர் சொல்ல, மருமகனோ சுருதியைப் பெட்டியிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்று பதிந்துவிட்டான். பிறகு மூன்று அரைச்சுரம் உயர்த்திப் போட்டுக் காட்டினான். முதியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது என் அடிதான் தம்பி. ஆனா அவசரப்படுது."

அவர் சொன்னது முற்றிலும் சரி. இத்தகைய பெட்டியில் சுருதியை உயர்த்துவது ஒலியை வேகமாக ஓட்டுவதற்குச் சமம். மூன்று அரைச்சுரம் ஏற்றினால் ஒலியின் நீளம் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைந்துவிடும். செவியினாலேயே அதனைக் கண்டுகொண்டார் அவர்.

மாற்றுக் கருவி இன்னும் வந்து சேரவில்லை. பெட்டியை அணைத்தால் நினைவிலுள்ள ஒலி அழிந்துவிடும் என்பதால் மருமகன் இரவு முழுவதும் அதனை இயங்கவிட்டிருந்தான். விடியுமுன் மின்சாரம் நின்றது. எல்லாம் போயிற்று.

இரண்டு வாரங்கள் கழித்து முதியவர் மீண்டும் வந்தார். இம்முறை முற்றத்தில் சருகு கூட்டித் தீ மூட்டினோம். தப்பைத் தீக்கு அருகே பிடித்துத் திருப்பித் திருப்பிக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, "இப்ப சரி" என்றார். நீண்ட மெல்லிய குச்சியின் அடி, குட்டைக் குச்சியின் அடி, இரண்டும் சேர்ந்த அடி, ஓரத்து அடி என நான்கு ஒலிகள். அன்றே நினைவுக்குச்சியில் சேமித்துவிட்டான். தங்கை எல்லோருக்கும் ஒரே விதமான கோப்பைகளில் தேநீர் தந்தாள். அவர் தமது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் குடிக்காமலே இருந்தார். ஏனென்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதியும் எனக்கில்லை.

நண்பர்களே, எங்கிருந்தோ வந்த பழைய பெட்டியொன்றைத் திருத்த எத்தனை பேர் எத்தனை நாள் அலைந்தோம்! நான்கு லயன்களுக்கு அப்பால் இருந்த மனிதரிடம், "எப்படிக் காய்ச்சுவது?" என்று கேட்க எனக்கு ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. பதிந்துவைத்த நான்கு அடிகளும் இனி அழியா என்று மருமகன் சொல்கிறான். இருக்கலாம். ஆனால் காய்ச்சும் பக்குவம் அந்த நினைவுக்குச்சியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவன் அவரிடம் போகிறானாம், குச்சி பிடிக்கப் பழகுவதற்கு.