நடுச்சாமப் பகிடிகள்

புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் எழுதுகிற நினைவுகளை நான் விடாமல் வாசிக்கிறவன். எல்லாவற்றிலும் பனி இருக்கும், கடன் இருக்கும், ஏஜென்சிக்காரன் இருப்பான், ஊரிலிருந்து வந்த சாவுச் செய்தி இருக்கும். சிரிப்பு மட்டும் இருக்காது. செத்தவர்களை வைத்துக்கொண்டு சிரித்தோம் என்று எழுத எவருக்கும் கை வருவதில்லை. ஆனால் நாங்கள் சிரித்தோம். 1995இலும் சிரித்தோம், 2009இலும் சிரித்தோம். எங்களைச் சிரிக்க வைத்த மனிசன் கியூபெக்கில் பிறந்த ஒரு வெள்ளைக்காரன். மேடைப் பகிடிக்காரன், பெயர் நோர்ம் மக்டொனால்ட்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருந்தது ரொறொன்ரோ வெல்ஸ்லி வீதிக்கும் பார்லிமென்ட் வீதிக்கும் பக்கத்தில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடம் ஒன்றில். ஒற்றைப் படுக்கையறை வீடு. எத்தனை பேர் இருந்தோம் என்பது ஷிப்டைப் பொறுத்தது. ஒருவன் எழும்பி வேலைக்குப் போக, மெத்தையின் சூடு ஆறமுதல் இன்னொருவன் வந்து படுப்பான். நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். இரவு வேலை முடிந்து கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற மணம் இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது: ஹீட்டரில் காயப்போட்ட சொக்ஸ், டின்மீன் குழம்பு, என் ஜாக்கெட்டிலிருந்தே வருகிற பொரித்த எண்ணெய். நடுவில் ரீவி. யாரோ தெருவோரம் வைத்துவிட்டுப் போனதைத் தோளில் தூக்கி வந்தது. அன்ரனாவில் அலுமினியத் தாள் சுற்றி ஏரிப் பக்கமாகத் திருப்பி வைத்தால், அக்கரையிலிருக்கிற அமெரிக்க நகரமான பஃபலோவின் சனல்கள் விழும். நாலாம் சனலில் டேவிட் லெற்றர்மனின் இரவு அரட்டை நிகழ்ச்சி. அவர் முடிய இரண்டாம் சனலில் கோனன் ஓ'பிரையன்.

அந்த நேரத்தில் நித்திரை கொள்ள முடியாததற்கு வேலை மட்டும் காரணமில்லை. இங்கே நடுச்சாமம் என்றால் அங்கே முற்பகல். யாழ்ப்பாணத்துக்கு நேரே தொலைபேசி எடுக்க முடியாது. ஊர்ச்சனம் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ வந்து ஒரு லொட்ஜில் காத்திருந்து எடுத்தால்தான் உண்டு. அது எந்த நாள், எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே விழித்திருந்தோம். விழித்திருக்கிறவனுக்கு ஒரு துணை வேண்டும்.

எங்களோடு மாஸ்டர் இருந்தார். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர், இங்கே இரவில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்தார். முதலில் எங்களுக்குப் பகிடிகள் விளங்காது. ரீவிக்குள் இருக்கிற சனம் சிரிக்கும். நாங்கள் மாஸ்டரின் முகத்தைப் பார்ப்போம். மற்றப் பகிடிக்காரர்கள் மூச்சு விடாமல் கதைத்தார்கள். இந்த நிகழ்ச்சிகளுக்கு விருந்தாளியாக வருகிற நோர்ம் அப்படியில்லை. அளவுக்குக் கொஞ்சம் பெரிய கோட்டுக்குள் நின்றுகொண்டு, திண்ணையிலிருந்து ஊர்ப்புதினம் சொல்கிற கிழவர் போல இழுத்து இழுத்துச் சொல்வார். சொல்லி முடித்துவிட்டு நிற்பார். சனம் சிரிக்காவிட்டாலும் நிற்பார். வாயின் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து, வெளியே வராமல் அங்கேயே நிற்கும். கண் மட்டும் ஒளி விடும். அந்த இடைவெளியில்தான் எங்களுக்கு ஆங்கிலம் விளங்கத் தொடங்கியது.

"இவன்ர இங்கிலீசு எங்கட வாசிகசாலைப் புத்தக இங்கிலீசு தம்பி, கவனிச்சுக் கேள்" என்பார் மாஸ்டர். உண்மைதான். நாகரிகமான மேடையில் நின்றுகொண்டு பழைய காலத்துச் சொற்களை எடுத்து விடுவது அந்த மனிசனின் பழக்கம்.

1995 ஒக்ரோபர் 3ஆம் திகதி கலிபோர்னியாவில் ஓ.ஜே. சிம்ப்சனை இரட்டைக் கொலை வழக்கிலிருந்து விடுதலை செய்தார்கள். அந்தச் சனிக்கிழமை இரவு ‘சற்றடே நைற் லைவ்’ நிகழ்ச்சியில் நோர்ம் செய்தி வாசிக்கிறவர் போல மேசைக்குப் பின்னால் இருந்தார். கலிபோர்னியா மாநிலத்தில் கொலை செய்வது இப்போது சட்டபூர்வமாகிவிட்டது என்று, வானிலை சொல்கிற முகத்தோடு அறிவித்தார். மாஸ்டர் மொழிபெயர்க்க வாயெடுத்தார். தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்து நவாலித் தேவாலயத்தில் விமானம் குண்டு போட்டு நூற்றுக்கு மேற்பட்ட சனம் செத்து அப்போது மூன்று மாதம்கூட நிறையவில்லை. எங்கள் அறையில் நவாலிப் பெடியன் ஒருவன் இருந்தான். கொலை எங்கே சட்டபூர்வம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவன்தான் முதலில் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெத்தையில் சரிந்து, கண்ணில் தண்ணி வரச் சிரித்தான். பிறகு எழும்பிப் போய்க் குசினியில் வெங்காயம் வெட்டினான்.

அதே மாதம் முடிகிற நேரம், இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. நான் அங்கே இல்லை. அம்மா இருந்தா. பின்னாளில் கனடா வந்து சேர்ந்த பிறகு, ஒரு நாள் தானாகவே சொன்னா. பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கையால் வந்தது, உடனே வெளிக்கிடச் சொன்னது, அடுப்பில் சோறு அரைவேக்காடு, மாட்டை அவிழ்த்து விட்டு, பானையைச் சீலைத் துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கினால் வீதி முழுக்கச் சனம், மழை, இருட்டு, செம்மணியால் போய் நாவற்குழிப் பாலம் ஏறுமட்டும் ஒரு அடி வைக்க ஒரு யுகம், பின்னால் ஷெல் சத்தம், முன்னால் ஒரு கிழவரைச் சைக்கிள் கரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறார்கள், பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டபடி ஒருத்தி எதிர்ப்பக்கம் நடக்கிறாள், யாரும் அவளை மறிக்கவில்லை. விடியக் கைதடியில் ஒரு மரத்தடியில் பானையைத் திறந்தாவாம். அந்த அரைவேக்காட்டுச் சோற்றை முன்பின் தெரியாதவர்கள் கூடியிருந்து தின்றார்கள். சோற்றின் மேல்பக்கம் மழைத்தண்ணி பட்டுக் குளிர்ந்து, அடிப்பக்கம் மட்டும் இன்னும் இளஞ்சூடாக இருந்தது என்று அம்மா சொன்னா. ஷெல் சத்தத்தைவிட அந்தச் சூட்டைத்தான் கூட நேரம் சொன்னா.

இது ஒன்றும் அப்போது எங்களுக்குத் தெரியாது. தமிழ் வானொலி இலட்சக்கணக்கில் சனம் தெருவில் என்றது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்தக் கிழமைகளிலும் ரீவி ஓடியது. சத்தத்தைக் குறைத்து வைத்தோம், தொலைபேசி மணி கேட்க வேண்டுமே என்று. ஒருவரும் ஒருவரோடும் கதைக்காத அந்த அறையில் குரல் என்று இருந்தது அதுதான். எனக்கு நினைவிருப்பது பகிடிகள் அல்ல, அவற்றுக்குப் பிறகு வருகிற இடைவெளி. நாங்கள் எல்லோரும் அந்த மனிசனோடு சேர்ந்து எதற்கோ காத்திருந்தோம்.

1998 தொடக்கத்தில் நோர்மை அந்தச் செய்தி மேசையிலிருந்து தூக்கினார்கள். ஓ.ஜே. பகிடிகளை நிறுத்தாததுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். அவரோ லெற்றர்மனிடம் வந்து, நீ பகிடியாக இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார் என்பதையே ஒரு பகிடியாகச் சொல்லிவிட்டுப் போனார். அதே மாரியில் எங்கள் அறையில் ஒருவனை வேலையால் நிற்பாட்டினார்கள். படி ஏறி வந்தவன், "நான் கோப்பை கழுவுறது பகிடியா இல்லையாம்" என்றான். அன்று அவனுக்கு நாங்கள் கொடுக்கக்கூடியதாக இருந்தது அந்தச் சிரிப்பும் ஒரு தட்டுச் சோறும்தான்.

பிறகு அறை கலைந்தது. கல்யாணம், ஸ்காபரோவில் வீடு, மோட்கேஜ். மாஸ்டர் பத்து நிமிடத் தூரத்தில் இருந்தார்.

2009 மே 10, ஞாயிற்றுக்கிழமை, இங்கே அன்னையர் தினம். வன்னியில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி கார்டினர் நெடுஞ்சாலையை எங்கள் சனம் மறித்த அன்று நானும் மாஸ்டரும் அதில் நின்றோம். ஸ்படைனாப் பக்கத்து ஏற்றத்தால் யார் முதலில் ஏறினார்கள் என்று தெரியாது, ஏறுங்கோ ஏறுங்கோ என்ற சத்தம், ஓடினோம், கார்கள் கீச்சிட்டு நின்றன, ஹோர்ன், பறை, குழந்தை வண்டிகளை முன்னால் தள்ளிக்கொண்டு வருகிற தாய்மார், சைக்கிள்களை வேலி போல நிறுத்திய பொலிஸ், தள்ளாதேங்கோ பிள்ளையள் நிக்குது என்று யாரோ தமிழில் பொலிசுக்குக் கத்துகிறார்கள். இருட்டினதும் ஏரிக்காற்று எலும்புக்குள் போனது. பக்கத்தில் ஒரு அம்மா வன்னியிலிருக்கிற தன் மகனின் பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாக்கி மட்டையில் ஒட்டியிருந்தா. பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்திருந்தது. "இதில அவன்ர வடிவு தெரியேல்ல" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது போலச் சொல்லிக்கொண்டிருந்தா. நடுச்சாமமளவில் சனம் இறங்கியது.

மாஸ்டரின் தங்கை குடும்பம் வன்னிக்குள்ளே, போருக்குள் இருந்தது. கடைசியாகக் குரல் கேட்டது மாத்தளனிலிருந்து. போர் முடிந்த மே 18க்குப் பிறகு மாஸ்டர் என் வீட்டுக்கு இரவில் வரத் தொடங்கினார். வந்து இருப்பார். தேத்தண்ணி குடிப்பார். கதைக்கமாட்டார். தங்கை செட்டிகுளம் முகாமில் இருக்கிறா என்று பிறகு தெரியவந்தது. மருமகன்பிள்ளை பற்றி ஒரு தகவலும் இல்லை.

அந்த வருடம் கோனன் ‘ருனைற் ஷோ’வுக்கு மாறியிருந்தார். ஒரு நாள் நோர்ம் வந்தார். முகம் ஊதி, தலைமயிர் வெளுத்து, எங்களைப் போலவே வயது போயிருந்தது. வருகிற வழியில் கார்ச் சாரதி சொன்ன பகிடி என்று தொடங்கினார். ஒரு விட்டில்பூச்சி கால் வைத்தியரிடம் போகிறது. என்ன வருத்தம் என்று வைத்தியர் கேட்கிறார். விட்டில் சொல்லத் தொடங்குகிறது, நிற்பாட்டவே இல்லை. முதலாளிக்கு ஒரு ரஷ்யப் பெயர், அவனிடம் தான் என்ன வேலை செய்கிறேன் என்றே தெரியவில்லை; இரவில் பக்கத்தில் படுத்திருக்கிற கிழவியை ஒரு காலத்தில் நேசித்தேன்; மகள் போன குளிருக்குச் செத்துப்போனாள்; மகனின் கண்ணில் என் கோழைத்தனமே தெரிகிறது. பழைய ரஷ்ய நாவல் போல நீளுகிறது. கோனன் தவிக்கிறார். கடைசியில் வைத்தியர், உனக்குத் தேவை மனநல வைத்தியர், என்னிடம் ஏன் வந்தாய் என்கிறார். விட்டில் சொல்கிறது: விளக்கு எரிஞ்சுகொண்டிருந்தது.

மாஸ்டரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்தார். தேத்தண்ணி கையில் கொட்டுண்ணச் சிரித்தார். மே மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் பல்லைக் கண்டது அன்றுதான். என் மனிசி மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து என்ன நடந்தது என்று பார்த்தா.

"நாட்டுக்கு ஏன் வந்தனீ எண்டு எயார்போட்டில அண்டைக்கு என்னையும் கேட்டவன் தம்பி. அம்பது பக்கத்தில எழுதிக் குடுத்தன். இதைச் சொல்லியிருக்கலாம்."

அடுத்த ஆண்டு ஓகஸ்டில் ‘சன் சீ’ கப்பல் 492 தமிழ் அகதிகளோடு பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தது. இவர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்று வானொலியில் காலையும் மாலையும் கேட்டார்கள். மாஸ்டர் தொலைபேசி எடுத்து அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

2015 மே 15, லெற்றர்மன் ஓய்வுபெறுகிற கடைசி நாட்களில், நோர்ம் அங்கே வந்து பகிடிகள் சொல்லி முடித்தார். பிறகு குரல் உடைந்தது. லெற்றர்மனுக்கு உணர்ச்சிக் கூத்து பிடிக்காது என்று தெரியும், ஆனால் உண்மையாக இருக்கிற ஒன்று கூத்தல்ல என்று சொல்லி, உங்களில் அன்பு என்றார். மாஸ்டரும் நானும் அவரவர் வீட்டிலிருந்து, காதில் தொலைபேசியோடு பார்த்தோம். இருவருமே ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஆம்பிளைகள் அதைச் சொல்லிப் பழகியதில்லை. 2021 செப்டம்பர் 14ஆம் திகதி அந்த மனிசன் 61 வயதில் செத்தபோதுதான், ஒன்பது ஆண்டுகளாகப் புற்றுநோயை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அந்த மேடையில் நின்றபோதும் அது உடம்புக்குள் இருந்திருக்கிறது. வலியை மறைத்துக்கொண்டு பகிடி விடுகிறவர்களோடு ஒரே அறையில் வாழ்ந்தவர்கள் நாங்கள். எனக்கு அது புதினமாகப் படவில்லை.

என் மகள் இப்போது முதியவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்கிறாள். மாஸ்டரிடம் போனாள், நானும் கூடப் போனேன். 1995 பற்றிக் கேட்டாள். மாஸ்டர் ஓ.ஜே. பகிடியில் தொடங்கினார். மகள் மரியாதையாகப் பதிவை நிற்பாட்டி, "தாத்தா, அதுக்குப் பிறகு நடந்ததைச் சொல்லுங்கோ" என்றாள். "ஓடவிடு பிள்ளை, அதுதான் நடந்தது" என்றேன்.

ஓடவிட்டாள். மாஸ்டர் விட்டிலின் கதையை எடுத்தார், தன் பாட்டில். இந்த விட்டில் கோண்டாவில்காரன். சங்கக்கடை மனேச்சரிடம் வேலை. தமையனோடு எல்லைவேலிச் சண்டை, கோட்டில் பத்து வருடம். மகள் ஜேர்மனியில், ரெலிபோன் எடுப்பதில்லை. தங்கையின் மகன் 2009இல் வட்டுவாகல் பாலத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு போனவன், அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. இத்தனை ஆண்டுகளில் எந்த ஆணைக்குழுவுக்கும், எனக்கும்கூட அவர் சொல்லாத செய்தி அது. குரல் மாறவில்லை. அடுத்ததாக விட்டிலுக்கு மூட்டு வருத்தம், கொலஸ்ரரோல். கால் வைத்தியர் கேள்வியைக் கேட்டார். மாஸ்டர் நிறுத்தினார். நோர்ம் நிற்கிற அளவுக்கு நின்றார். பிறகு மறுமொழியைச் சொன்னார்.

சிரிக்கலாமோ என்று மகள் என்னைப் பார்த்தாள். நான் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பும் ஒலிப்பதிவில் இருக்கிறது. வெட்ட வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.