பாலாவிச் சந்தியும் மான் துவக்கும்

கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் நோக்கிப் பிரயாணம் செய்வோர், நகரை அடைவதற்குச் சில கிலோமீற்றர் முன்னதாகப் பாலாவி என்னும் சந்தியைக் கடக்கின்றனர். நேரே சென்றால் புத்தளம். இடப்புறம் திரும்பினால் கடலேரியைச் சுற்றிக் கற்பிட்டிக்கு நீளும் வீதி. திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தம் தேவாரத்தில் பெயர் பெற்றது. அதனை எண்ணி இங்கு இறங்கும் நேயர்கள் ஏமாந்து போவர். இந்தப் பாலாவியில் காணக் கிடைப்பவை உப்புப் பாத்திகளும், சீமெந்து ஆலையும், அதற்குச் சுண்ணாம்புக் கல் சுமந்து வரும் இருப்புப் பாதையும், வெயிலைப் பொருட்படுத்தாது வீதி நடுவே சிந்தனையில் நிற்கும் கழுதைகளுமே. புத்தளத்துக் கழுதைகள் மோட்டார் வண்டிகளுக்கு வழிவிடும் வழக்கத்தை இன்னும் கற்கவில்லை.

இத்தகைய ஊரில் மான் வேட்டையைப் பற்றி ஒரு பிற்பகல் முழுவதும் பேசிக்கொண்டிருப்போம் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. அதற்குக் காரணமானவர் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நம் மைத்துனர். அவர் ஒன்ராறியோ மாகாணத்தில் வேட்டை அனுமதி பெற்றவர். இலையுதிர் காலத்தில் நண்பர்களுடன் வெள்ளைவால் மான் வேட்டைக்குச் செல்பவர். புதிதாக ஒரு றைபிள் வாங்கும் எண்ணத்தில் இருந்தார். 'பம்ப் அக்‌ஷன்' வகையா, 'போல்ட்' வகையா என்னும் வினா பிரயாணம் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

சந்திக்கு அருகே தேநீர் அருந்திய இடத்தில் ஒரு முதியவர் எமது பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வில்பத்துக் காட்டின் வடக்கெல்லையிலுள்ள முசலிப் பகுதியைச் சேர்ந்தவர். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் புத்தளம், பாலாவி, கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுள் இவரும் ஒருவர். இளமையில் வயற்காவலுக்கென அனுமதிப்பத்திரத்துடன் ஒரு துவக்கு வைத்திருந்தாராம்.

"அது என்ன துவக்கு தம்பி, பம்ப் அடிக்கிறது?" என்று அவர் வினவினார்.

மைத்துனர் ஆர்வத்துடன் விளக்கினார். குழலின் கீழுள்ள கைப்பிடியை இடக்கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால், வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்க, அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். சைக்கிளுக்குக் காற்றடிப்பது போன்ற அசைவு. பெயரும் அதனாலேயே வந்தது. வலக்கை விசையை விட்டு அகல வேண்டியதில்லை. அடிக்கட்டையும் தோளிலிருந்து இறங்க வேண்டியதில்லை. போல்ட் வகையில் ஒவ்வொரு சூட்டுக்கும் வலக்கை விசையை விட்டுத் தாழ்ப்பாளைத் திருப்பி இழுக்க வேண்டும். அடர்ந்த காட்டில் மான் இரு மரங்களுக்கிடையே இரண்டு கணமே தோன்றும். அங்கே இந்த வேறுபாடு பெரிது. இடக்கைப் பழக்கமுள்ளவர்க்கும் பம்ப் வகை இசைந்து வரும். றெமிங்டன் கம்பனி 1952 இல் வெளியிட்ட 760 என்னும் மாதிரி இவ்வாறே அமெரிக்கக் காட்டு வேட்டைக்காரரிடையே புகழ் பெற்றது. மான் வேட்டைக்குத் தானியங்கி றைபிளை நெடுங்காலம் விலக்கி வைத்திருந்த பென்சில்வேனியாவில் அதற்கு மதிப்பு அதிகம்.

குறைகளையும் அவர் மறைக்கவில்லை. அசையும் கைப்பிடி சில வேளை கடகடவென ஒலித்து மானை எச்சரித்துவிடும். மண்ணோ பனியோ புகுந்தால், இறுகிய வெற்றுத் தோட்டாவைப் பிடுங்கியெடுக்கும் வலிமை போல்ட் வகைக்கே கூடுதலாக உண்டு. திறந்த வெளியில் நெடுந்தூரம் குறிபார்ப்பவரும் போல்டையே விரும்புவர்.

நானா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதல் சூடு சரியாப் பட்டா ரெண்டாவது எதுக்கு மகன்?" என்றார்.

அவருடையது 12 துளை ஒற்றைக்குழல் துவக்கு. (குழலின் துளைக்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல், அதுவே அந்த எண்ணின் பொருள்.) ஒரு சூடு சுட்டபின் துவக்கை மடித்து, வெற்றுத் தோட்டாவை எடுத்து, மறு தோட்டாவை இட வேண்டும், அதற்குள் மான் காட்டைக் கடந்திருக்கும். ஆகவே, நாற்பது யாருக்குள் வராத மிருகத்தை நோக்கித் துவக்கை உயர்த்துவதில்லை என்பது அவரது தந்தை இட்ட கட்டளை.

அக்கட்டளையை நாம் போற்றுகின்றோம். எனினும் உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லோரும் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. எஸ்.ஜி. தோட்டாவின் குண்டுகள் அவுன்ஸுக்கு எட்டுக் கணக்கில் அமைந்தவை. தூரம் கூடக் கூட அவை சிதறிப் பரவும். ஒன்றோ இரண்டோ வயிற்றில் பட்ட மான் ஓடி மறைந்து, எங்கோ நாட்கணக்கில் வதைபட்டு மடியும். மைத்துனரின் றைபிள் நூறு யாரில் ஒரே குண்டால் மானை வீழ்த்துமாயின், அந்த விலங்கின் பக்கம் நின்று பார்க்குமிடத்து அதுவே கருணையுள்ள கருவி என்பது எமது அபிப்பிராயம். நானா இதனை மறுக்கவில்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

இவ்விரண்டிலும் கொடியது கட்டுத்துவக்கு. ஓர் இரும்புக் குழாயை மரத்தில் பிணைத்து, மிருகங்கள் நடக்கும் தடத்தின் குறுக்கே கம்பி கட்டி விடுவர். அதற்குக் கண் இல்லை. பன்றிக்கென்று வைத்தது யானையின் காலையும் சிறுத்தையின் விலாவையும், விறகுக்கும் தேனுக்கும் சென்ற மனிதரின் முழங்காலையும் துளைக்கின்றது. நானாவின் ஒன்றுவிட்ட சகோதரர் அவ்வாறு ஒரு காலை இழந்தவர். அதைச் சொன்னபின் அவர் சற்று நேரம் பேசவில்லை; தேநீரும் ஆறிவிட்டது.

இன்று இலங்கையில் புள்ளிமானையோ மரையையோ எந்தத் துவக்காலும் சுட இயலாது. 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் அவற்றைக் காக்கின்றன. இறைச்சியை வைத்திருப்பதும் குற்றமே. எனவே, மைத்துனரின் கேள்வி ஒன்ராறியோவுக்கு மட்டுமே உரியது.

புத்தளத்திலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதி வில்பத்துவின் தென்புறமாகச் செல்கின்றது. அவ்வீதியில் அநுராதபுரத்தையும் தாண்டிச் சென்றால் மிகிந்தலை. தேவநம்பிய தீசன் என்னும் மன்னன் அங்கு மான் வேட்டையாடிய போதே மகிந்த தேரரைச் சந்தித்தான் என்று மகாவம்சம் கூறும். தன்னைக் கவனியாது மேய்ந்துகொண்டிருந்த மானைக் கொல்வது தகாதென்று எண்ணி, அவன் முதலில் வில்லின் நாணைத் தெறித்து ஒலி எழுப்பினானாம். இதனை மைத்துனருக்குச் சொன்னோம். "அப்படியென்றால் கடகடக்கும் கைப்பிடியும் ஒரு வகையில் நல்லதுதான், அத்தான்," என்று அவர் நகைத்தார்.

மான்களைக் கண்ணாற் காண விரும்பும் நேயர்கள் பாலாவியிலிருந்து வடக்கே எலுவன்குளம் வாயில் வழியாக வில்பத்துக்குச் செல்லலாம். 1938 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இவ்வனம், யுத்தத்தின் காரணமாக 1988 இல் மூடப்பட்டு 2003 இல் மீண்டும் திறக்கப்பட்டது. 'வில்லு' எனப்படும் மழைநீர்த் தடாகங்களின் ஓரம், மாலை நான்கு மணிக்குப் பின் புள்ளிமான் கூட்டங்கள் மேய வரும். மழைக் காலத்தில் எலுவன்குளத்துத் தாம்போதியின் மேல் ஆற்று வெள்ளம் பாய்வதுண்டு. புறப்படுமுன் பாலாவியிலேயே விசாரித்துக்கொள்வது நன்று.